அப்பாயி வழி தவறிய நாள்

"அப்பாயியை இன்னும் காணோம்டா!"

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பத்து. முந்திய இரவு பாடப்பணி ஒன்றை முடித்துவிட்டுத் தாமதமாகப் படுத்திருந்த என்னை அம்மாவின் குரல் உலுக்கி எழுப்பியது. அப்பாயி என் அப்பாவைப் பெற்றவர். நாள்தோறும் காலை ஆறரைக்கு நடக்கப் போவார். ஏழரைக்கெல்லாம் திரும்பி, கூடத்தில் அமர்ந்து தமிழ் முரசை விரித்திருப்பார். அன்று நாளிதழ் மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடந்தது. அவருடைய கைத்தொலைபேசியோ சமையலறையில் மின்னூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்பா சந்தைப் பக்கம் ஓடினார். நான் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, எங்கள் பேட்டைக்குப் பின்னால் கால்வாயை ஒட்டிச் செல்லும் பாதையில் விரைந்தேன். எதிரே நடந்து வந்த ஒவ்வொரு மூதாட்டியும் தொலைவில் அப்பாயியைப் போலவே தெரிந்தார்; அருகில் வந்ததும் வேறு யாராகவோ ஆனார். அந்த நாற்பது நிமிடங்களில் என் மனம் என்னென்னவோ எண்ணியது. கால்வாயின் தண்ணீரைப் பார்க்கவே அஞ்சினேன்.

பத்தே முக்காலுக்கு அப்பாவின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. "சார், உங்கம்மா எங்கூடத்தான் இருக்காங்க சார். பயப்படாதீங்க." விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம், எங்கள் பேட்டையிலிருந்து இரண்டு பேட்டைகள் தள்ளி, ஒரு பேருந்து நிறுத்தத்தில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். அருகே பழைய மிதிவண்டியுடன் ஓர் இளைஞர் நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர். விடுமுறை நாளில் நண்பரைப் பார்க்கச் சென்றவர், சேலை கட்டிய ஒரு பாட்டி ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடப்பதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார். மகனின் எண் அப்பாயிக்கு மனப்பாடமாக இருந்ததால் எல்லாம் நலமாக முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, பதற்றம் கோபமாக மாறியது அப்பாவுக்கு. "வழியெல்லாம் பலகை வச்சிருக்கானே, பார்த்து வரக்கூடாதாம்மா?" என்றார்.

அப்பாயி தண்ணீரைக் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "பலகை இருந்துச்சுப்பா. அது எனக்கில்ல."

அன்றோடு அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

நண்பர்களே, ஒரு கிழவி வழி தவறினார், கிடைத்துவிட்டார், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் அப்பாயியின் சர்க்கரை அளவு ஏறியது. 'நடங்கள்' என்று பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்பாயி தலையாட்டினார், வீட்டுக்கு வந்து சன்னலருகே உட்கார்ந்துகொண்டார். "போங்களேன் அப்பாயி, கீழ்த்தளம் வரைக்குமாவது" என்றால், "முட்டி வலிக்குது தம்பி" என்பார். முட்டி வலி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஊர் தமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையை அவர் அந்த ஒரு காலையில் தொலைத்திருந்தார்.

அது சாதாரண நம்பிக்கை அன்று. 1969-இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கியவர் அப்பாயி. படித்தது ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை. தமிழை எழுத்துக்கூட்டாமல் படிப்பார். ஆங்கிலத்தில் தம் பெயரை மட்டும் எழுதுவார். சந்தையில் பேசும் அளவுக்கு மலாய் வரும். அதை வைத்துக்கொண்டே தோ பாயோவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். ஒரு நாளும் வழி தவறியதில்லை. லோரோங் 8-இல் உள்ள வைராவிமட காளியம்மன் கோயில், லோரோங் 6-இல் பிள்ளைகள் ஏறி விளையாடும் ட்ராகன் விளையாட்டுத்திடல், காப்பிக்கடை, சந்தை என்று அவருடைய வரைபடம் அவர் காலடியிலேயே இருந்தது. தாத்தா காலமான பிறகு எங்களோடு வடகிழக்கிலுள்ள இந்தப் புதிய பேட்டைக்கு வந்தார். இங்கே எல்லாக் கட்டடங்களும் ஒரே உயரம், ஒரே வண்ணம். பாதையும் அப்படித்தான்: ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி கம்பி வேலி.

மொழிக் கழகத்தில் ஊறிய எனக்கு, 'அது எனக்கில்ல' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் தோன்றியது. பலகையில் தமிழ் இல்லை! நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றான தமிழ் இல்லை! உடனே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கங்கள். உரிமை, மரபு, மாண்பு என்ற சொற்களெல்லாம் அதில் இருந்தன. அனுப்புவதற்கு முன், பாதையை ஒருமுறை நடந்து பார்த்துக் குறிப்பு எடுத்தால் கடிதத்துக்கு வலுச் சேரும் என்று ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். அந்த நடை என் கடிதத்தைக் கிழித்துப் போட வைத்தது.

எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பேருந்து நிறுத்தம் வரை பாதை ஒன்பது இடங்களில் பிரிகிறது. அவற்றுள் மூன்றில் மட்டுமே பலகை கண்டேன். பெரிய அழகான பலகைகள் பாதை தொடங்கும் வாயிலில்தான் இருந்தன. அங்கே நிற்பவனுக்கு வழி பற்றிய ஐயமே இல்லை. அவன் வீடு பின்னால் தெரிகிறது! ஐயம் வருவது அரை மணி நேரம் நடந்த பிறகு, பாலத்தின் அடியில், பாதை இரண்டாகப் பிரியும்போது. அங்கே ஒன்றுமில்லை.

பலகை இருந்த இடங்களிலோ வேறு சிக்கல். வரைபடத்தின் மேற்பக்கம் வடக்கு. நான் தெற்கு நோக்கி நின்றிருந்தேன். படத்தில் வலப்புறம் இருந்தது எனக்கு இடப்புறம் இருந்தது. புவியியல் படிக்கும் நானே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அடுத்து, இடப்பெயர்கள். பாதைக்குச் சூட்டிய அதிகாரத்துவப் பெயர் பலகையில் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை எங்கள் பேட்டையில் யாருமே சொல்வதில்லை. 'சந்தை', 'பள்ளி', 'ரயில் நிலையம்' என்று நாம் அன்றாடம் தேடிச் செல்லும் இடங்கள் எதுவும் அதில் இல்லை. தொலைவு கிலோமீட்டரில் இருந்தது. 2.4 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று என் நண்பர்கள் ஐவரைக் கேட்டேன். ஐந்து விடைகள் வந்தன.

தமிழ் இல்லாதது குறைதான். ஆனால் இதே பலகையை அப்படியே தமிழில் எழுதி வைத்திருந்தாலும் அப்பாயி தொலைந்திருப்பார். இது எனக்கு உறைத்தபோது சற்று வெட்கமாக இருந்தது.

மறுவாரம் அப்பாயியையே அழைத்தேன். மறுத்தார். "என் படிப்புக்கு வேணும் அப்பாயி, நீங்கதான் எனக்கு வாத்தியார்" என்று கெஞ்சிய பிறகு செருப்பை மாட்டினார். பாலத்தடிக்கு வந்ததும் நின்றார். "இங்கதான் தம்பி. வரும்போது தூங்குமூஞ்சி மரம் எடக்கைப் பக்கம் இருந்துச்சு. திரும்பும்போது சோத்தாங்கைப் பக்கம் வரணும்ல? வந்துச்சு. அப்புறம் பார்த்தா ரெண்டு வழியிலயும் அதே மரம்." தவறான வழியில் அரை மணி நேரம் நடந்த பிறகும் அது தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் கேட்டிருக்கிறார். அவன் காதில் கருவி மாட்டியிருந்தான், நிற்காமல் போய்விட்டான்.

சற்றுத் தள்ளிக் கால்வாய்ப் பராமரிப்பு வேலைக்காக ஓர் இடத்தை அடைத்திருந்தார்கள். அதன்மேல் நான்கு மொழிகளிலும் ஓர் எச்சரிக்கை. அப்பாயி தமிழ் வரியைப் பார்த்து, வாய்விட்டுப் படித்தார்: "அபாயம்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஆபத்துன்னா மட்டும் எனக்குத் தமிழ்ல சொல்றாங்க. வழியைச் சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் சிரிக்கவில்லை. தடுப்பதற்குத் தமிழ் தேவைப்படுகிறது. அழைப்பதற்குத் தேவைப்படவில்லை என்பது எனக்குச் சுட்டது.

ஆனால் அப்பாயியின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. பாதையோரத்து விளக்குக் கம்பத்தைக் காட்டி, "இதுல ஏதோ நம்பர் போட்டிருக்கே, அது யாருக்கு?" என்றார். பழுது பார்ப்பவர்களுக்கு என்றேன். "விளக்குக்கெல்லாம் நம்பர் வச்சிருக்கான். பஸ்ஸுக்கு நம்பர் இருக்கு. புளோக்குக்கு நம்பர் இருக்கு. அம்பது வருசமா நான் நம்பரைப் பார்த்துத்தானே இந்த ஊர்ல போறேன், வாறேன். இந்தப் பாதைக்கும் ஒரு நம்பர் போட்டா நான் ஏன் தொலையப் போறேன்?"

ஐந்தாம் வகுப்பு வரை படித்த அப்பாயி சொன்ன தீர்வை, உலகில் வேறொருவரும் கண்டிருக்கிறார் என்பதைப் பிறகு நூலகத்தில் படித்து வியந்தேன். பெல்ஜியத்தில் லிம்பர்க் மாநிலம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் போனது. அங்கே ஹூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்கத்துக்குள் சந்திப்புகளுக்கு எண்ணிட்டு வழி அறிவதைப் போல, தரைமேல் செல்லும் மிதிவண்டிப் பாதைகள் கூடும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுக்கலாமே என்று எண்ணினார். 1995-இல் அந்த முறை லிம்பர்க்கில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சந்திப்பில் நின்றால், நீங்கள் நிற்கும் இடத்தின் எண் பெரிதாகத் தெரியும். அடுத்தடுத்த சந்திப்புகளின் எண்கள் அம்புக்குறியோடு இருக்கும். 14, 22, 37 என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஊர்ப்பெயரும் தெரிய வேண்டாம், மொழியும் தெரிய வேண்டாம். பல மொழிகள் பேசும் பெல்ஜியத்தில் பிறந்த இந்த முறை பின்னர் நெதர்லாந்து முழுவதும் பரவியது.

நடப்பவர்களுக்காகச் சிந்தித்த நகரம் லண்டன். அங்கே பலர் சுரங்க ரயில் வரைபடத்தை நம்பியே ஊரை அறிந்திருந்தார்கள். அந்தப் படமோ தொலைவை உள்ளபடி காட்டாது. லெஸ்டர் ஸ்குவேர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 260 மீட்டர்தான். ஆனாலும் மக்கள் அதற்கு ரயில் ஏறினார்கள். 2007-இல் பாண்ட் ஸ்திரீட் வட்டாரத்தில் சோதனையாகப் புதிய பலகைகள் வைக்கப்பட்டன. அவற்றில் வரைபடத்தின் மேற்பக்கம் வடக்கு அன்று. நீங்கள் எந்தத் திசை நோக்கி நிற்கிறீர்களோ அதுவே மேற்பக்கம். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். நான் தலையைச் சாய்த்துப் பார்த்த சிக்கலும், 2.4 கிலோமீட்டர் சிக்கலும் ஒரே பலகையில் தீர்ந்துவிட்டன!

இன்னொரு நிகழ்வு நம்மைப் போன்ற ஒரு மாணவருடையது. அமெரிக்காவின் ராலே நகரில் மேட் டொமசுலோ என்ற பட்டமேற்படிப்பு மாணவர், 2012 ஜனவரியில் ஓர் இரவு, மூன்று சந்திப்புகளில் 27 பலகைகளைத் தாமே கட்டி வைத்தார். 'இந்த இடத்துக்கு இத்தனை நிமிட நடை' என்பதே அவற்றின் செய்தி. அனுமதி பெறாததால் நகராட்சி அவற்றை அகற்றியது; மக்கள் ஆதரவைக் கண்டு பின்னர் சோதனைத் திட்டமாக மீண்டும் வைத்தது. நம் ஊரில் இதைச் செய்து பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டமளிப்பு விழாவுக்கு நீங்கள் வந்து சேர வேண்டுமல்லவா? ஆனால் நிமிடங்களில் எழுத வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தைக் கடன் வாங்குவதில் குற்றமில்லை.

மிதிவண்டி ஓட்டுபவரின் நிலை வேறு. பாதையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடியில் ஏழு மீட்டர் கடந்துவிடுவோம். நான்கு வரிப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் சந்திப்பு பின்னால் போயிருக்கும். ஆகவே மிதிவண்டிப் பாதைக்கு மூன்று வகைக் குறிகள் தேவை. சந்திப்புக்குச் சற்று முன்பே 'எந்த வழி எங்கே போகிறது' என்று சொல்வது ஒன்று. திரும்பும் இடத்தில் 'இங்கே திரும்பு' என்பது ஒன்று. திரும்பிய பிறகு 'நீ சரியான வழியில்தான் போகிறாய்' என்று உறுதி சொல்வது ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அப்பாயி அரை மணி நேரம் தவறான வழியில் நடந்ததற்கு இது இல்லாததே காரணம்.

அப்பாயியைக் காப்பாற்றிய அந்தப் புதுக்கோட்டை அண்ணனிடம் நன்றி சொல்ல மீண்டும் பேசினேன். எப்படி வழி கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "வேலைக்கு லாரில போகும்போதே பார்த்து வச்சுக்குவேன் தம்பி. நீலக் கூரை, பெட்ரோல் கடை, பெரிய மரம். போர்டைப் படிச்சா குழப்பந்தான் வரும்" என்றார். 2025 ஜூலை 1 முதல், மிதிவண்டிப் பாதைக்கு அருகில் 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்று குறிக்கப்பட்ட நடைபாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது குற்றம். நடக்கும் முதியோரின் பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் அந்தக் குறி அந்த அண்ணனுக்கும் புரிய வேண்டும். இல்லையென்றால் படிக்கத் தெரியாததற்கே தண்டம் கட்ட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். காலாங் ஆற்றை ஒட்டிய முதல் பூங்கா இணைப்புப் பாதை 1992-இல் உருவானது. 2019-இல் ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனித் தீவு வரை 36 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. மலாயா ரயில் 2011-இல் ஓடி ஓய்ந்த தடம் இன்று 24 கிலோமீட்டர் நடைப்பாதை. 2030-க்குள் மிதிவண்டிப் பாதைகளை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக விரிப்பது திட்டம். மிதிவண்டிப் பாதைக்குச் செந்நிறம் பூசுவது, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் நல்ல குறி. 2020-இல் திறக்கத் தொடங்கிய தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் நிலைய வாயில்களுக்கு ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக எண்களே இடப்பட்டன. முதுமை மறதி உள்ளவர்கள் தங்கள் வீட்டை அடையாளம் காண்பதற்காக, சில பேட்டைகளில் அடுக்குமாடிச் சுவர்களில் அந்தக் காலத்துப் பொருள்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆக, வழி தெரியாதவரின் கண்ணால் பார்க்க நமக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு 1,300 கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

அப்படியானால் தமிழ் வேண்டாமா? வேண்டும். ஆனால் எங்கே, எப்படி என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு சிறிய அம்புப் பலகையில் நான்கு மொழிகளையும் திணித்தால் நான்கும் சிறுத்துப்போகும். எழுபது வயதுக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அம்புக்குறியில் எண்ணும் படமும் போதும். நின்று நிதானமாகப் பார்க்கும் பெரிய வரைபடத்தில் நான்கு மொழிகளும் இருக்கட்டும். இருக்கும் தமிழ் சரியாக இருக்கட்டும். 2014-இல் 'லாவ் பா சாட்' உணவங்காடியின் வழிகாட்டிப் பலகையில், 'சாட்' என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று கொண்டு 'லாவ் பா சனி' என்று தமிழில் எழுதிவிட்டார்கள். நாம் படம் பிடித்தோம், பகிர்ந்தோம், சிரித்தோம், சினந்தோம். பலகை திருத்தப்பட்டது. ஆனால் பலகை வைப்பதற்கு முன்பே 'நாங்கள் படித்துப் பார்த்துத் தருகிறோம்' என்று முன்வருவது சிரிப்பதைவிடப் பயனுள்ள தமிழ்ப்பணி அல்லவா?

வழிகாட்டுவது நமக்குப் புதிய கலையும் அன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வதே அதன் அமைப்பு. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியின் ஒவ்வோர் இடரையும் எச்சரிக்கிறது. அதில் ஓர் இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழிகள் பிரியும் சந்தியில், பின்னால் வருவோர் மயங்காதபடி தரையைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்று கூத்தர்களுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது! கிளை பிரியும் வழிக்குச் சங்கத் தமிழில் 'கவலை' என்று பெயர். பாலத்தடியில் அப்பாயி நின்றது அந்தக் கவலையில்தான். அங்கே ஒரு புல் முடிச்சு இல்லை.

புல் முடிபவனுக்கு அந்த முடிச்சால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவனுக்காக. நல்ல வழிகாட்டிப் பலகைக்கும் அதுவே இலக்கணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வழி தெரிந்தவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து வரையும் பலகை வழி தெரிந்தவர்களுக்கே புரிகிறது.

இரண்டு பக்கக் கடிதத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதினேன். மூன்றே கோரிக்கைகள். பாதை பிரியும் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் தாருங்கள். தொலைவை நிமிடத்தில் எழுதுங்கள். திரும்பிய பிறகு ஓர் உறுதிக் குறி வையுங்கள். பலகையை நிறுவுவதற்கு முன், அந்த வட்டாரத்துக்குப் புதியவரான ஒரு முதியவரைத் துணையின்றி நடக்க விட்டு, எங்கே நின்று தயங்குகிறார் என்று பாருங்கள்; அங்கேதான் பலகை வேண்டும். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தமிழ் வரிகளைச் சரிபார்க்க எங்கள் கழக மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம், கட்டணம் வேண்டாம்.

கருத்துக்கு நன்றி, பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. சில மாதங்கள் கழித்து, பாலத்தடிச் சந்திப்பில் ஓர் அம்புப் பலகை முளைத்தது. என் கடிதத்தால் வந்ததா, முன்பே திட்டமிட்டதா என்று தெரியாது. எண் இல்லை. ஆனால் ரயில் படமும், '12 நிமிடம்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் இருந்தன. '12' அப்பாயிக்குப் புரிந்தது. படமும் புரிந்தது.

அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். உள்ளங்கை அளவு அட்டையில் ஒன்பது சந்திப்புகளையும் 1 முதல் 9 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தமிழில் எழுதி அப்பாயியிடம் கொடுத்தேன். முதலில் என்னோடு நடந்தார். பிறகு ஐந்தாம் எண் வரை தனியே போனார். ஒரு மாதத்தில் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு எங்கள் தளத்துக்குப் புதிதாக ஒரு சீன மூதாட்டி குடிவந்தார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஒரு நாள் காலை, தாமதமான வகுப்பாதலால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த நான், பாலத்தடியில் இருவரையும் கண்டேன். அப்பாயி சந்தை மலாயில் பேசியபடி, கையை நீட்டி இடப்பக்க வழியைக் காட்டினார். பிறகு வலப்பக்க வழியைச் சுட்டி, "அங்க போகக்கூடாது" என்பதுபோல் தலையைப் பலமாக ஆட்டினார். அந்த மூதாட்டி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மணியடிக்காமல் இறங்கி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்தேன். "பார்த்துப் போ தம்பி" என்றார் அப்பாயி.